குழாயில் காது வைத்தவர்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் உங்களுக்கெல்லாம் இப்போது ஒரு வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பாஸ்போர்ட் நகலை எங்கே வைப்பது, எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், யாரோடு அரசியல் பேசக்கூடாது என்று சொல்லித் தருகிறார்களாம். எல்லாம் தேவைதான். நான் சொல்ல வந்தது பயணம் போகிறவருக்கு அல்ல. அவரை அனுப்பிவிட்டு ஹூஸ்டனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு. உங்களில் சிலர் சீக்கிரமே அந்த மேஜைக்கு வருவீர்கள். அங்கே உட்கார்வது எப்படி என்று யாரும் வகுப்பு எடுப்பதில்லை.

நான் அந்த மேஜையில் நெடுங்காலம் இருந்தேன். பூமிக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாய்களில் கசிவைக் காதால் கண்டுபிடிப்பது எங்கள் கம்பெனியின் தொழில். குழாயில் சென்சாரை ஒட்டி, ஹெட்போன் மாட்டிக் கேட்டால், ஓட்டை உள்ள இடத்தில் மெலிதாக ஒரு சீறல் கேட்கும். அதை டேப்பில் பதிவுசெய்து கொண்டுவருவார்கள். நாங்கள் இங்கே கம்ப்யூட்டரில் போட்டு அலசுவோம். யாரை எந்த நாட்டுக்கு அனுப்புவது, அங்கே அவருக்கு என்ன தேவை என்று பார்ப்பது என் வேலை.

எங்களிடம் இருந்ததிலேயே நல்ல காது முரளியுடையது. பெரம்பூர்க்காரர். மற்றவர்கள் கம்ப்யூட்டர் காட்டிய பிறகு தலையாட்டும் சத்தத்தை அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். ஆபீஸில் மற்றவர்கள் முன்னால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தமிழில் பேசும்போது அக்கா.

தொண்ணூறுகளின் பின்பாதி. ரஷ்யாவில் வோல்கா நதியோரம் ஒரு பெட்ரோல் குழாயைப் பரிசோதிக்க முரளியை அனுப்பினேன். அந்தக் குழாய்க் கம்பெனியின் தலைமை எஞ்சினியர்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். குளிர்காலம். எலும்பு விறைக்கும் பனி. கையுறையைக் கழற்றி எழுத முடியாது என்பதால், முரளி தன் குறிப்புகளை டேப்பின் இன்னொரு தடத்தில் பேசியே பதிவுசெய்வார். கேட்கப்போவது நான்தான் என்பதால் தமிழில் பேசுவார். "அக்கா, இங்க காத்து ஜாஸ்தியா அடிக்குது, கொஞ்சம் பில்டர் பண்ணிக் கேளுங்க" என்கிற மாதிரி. மெக்சிகோவிலும் நைஜீரியாவிலும் அப்படித்தான் செய்தோம். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

பொங்கல் நெருங்கிய ஒரு காலையில் நான் காபியோடு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. அந்தத் தலைமை எஞ்சினியர். அவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"உங்கள் முரளியைக் கூட்டிப் போய்விட்டார்கள்" என்றார்.

யார் என்று கேட்டேன். பாதுகாப்புத் துறை என்றார். குழாய் போகும் வழியில் வேலி போட்ட ராணுவ இடம் ஒன்று இருக்கிறதாம். முரளி ஹெட்போனும் ரெக்கார்டருமாக அதன் பக்கத்தில் நின்று ஏதோ பாஷையில் பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கருவிகள், டேப்புகள், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

"அவர் உளவாளி என்கிறார்கள்" என்றார். பிறகு, "தயவுசெய்து எனக்குப் போன் செய்யாதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மாதிரி நேரத்தில் மனது ஒரே சமயத்தில் பத்துப் பேருக்குப் போன் போடச் சொல்லும். எங்கள் வைஸ் பிரசிடென்ட்டிடம் சொன்னேன். அவர் அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொல்ல ஏற்பாடு செய்தார். அடுத்து என்ன என்று கேட்டார். முரளியின் மனைவியிடம் நேரில் சொல்லப் போகிறேன் என்றேன். இன்னும் விவரம் தெரியட்டுமே என்றார். விவரம் தெரியும்வரை காத்திருந்தால் அவளுக்கு வேறு யாரோ சொல்லிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில் அவர்கள் வீடு. கீதா கதவைத் திறந்தாள். வேலை நாளில் என்னை வாசலில் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"என்னக்கா, ஆக்சிடென்ட்டா?"

"இல்ல. உயிரோட நல்லா இருக்கார். ஆனா அங்க அவரப் பிடிச்சு வச்சிருக்காங்க. உளவு பாக்க வந்தவர்னு சந்தேகப்படறாங்க."

அவள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அவரா? அவருக்கு எங்க அம்மாகிட்ட ஒரு பொய் சொல்லவே வராதுக்கா" என்றாள். பிறகு திடீரென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பழைய பாஸ்போர்ட்டே இருந்திருந்தா விட்டிருப்பாங்க இல்ல? இந்தியான்னா அவங்களுக்குப் பிடிக்கும்னு எங்கப்பா சொல்வாரு. போன சம்மர்லதான சிட்டிசன்ஷிப் வாங்கினாரு. நான்தான் நச்சரிச்சு அப்ளை பண்ண வச்சேன்."

ஒருவேளை விட்டிருப்பார்கள், ஒருவேளை அப்போதும் பிடித்திருப்பார்கள். "இன்னைக்கு அத யோசிக்க வேணாம். யாருக்கெல்லாம் சொல்லணும், யாருக்குச் சொல்லக்கூடாதுன்னு பாப்போம்" என்றேன். அவர்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவுக்கு வேலை முடியவில்லை என்று மட்டும் சொல்வதாக முடிவானது.

அடுத்த வாரம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயிலில் பார்த்தவர்கள், முரளியோடு கிரிக்கெட் ஆடியவர்கள் என்று வீட்டில் கூட்டம். எல்லாரும் நல்லவர்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள். குழந்தையை ஸ்கூலிலிருந்து பிக்கப் பண்ணினார்கள். ஒருவர் டிவி சேனலில் தனக்கு ஆள் இருக்கிறார் என்றார். கீதா கேமராவில் அழுதால் வாஷிங்டனே அசையும் என்றார். கீதா என்னைப் பார்த்தாள். எனக்கும் அது சரியா தப்பா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத்தான் சொன்னேன். "மாஸ்கோல கம்பெனி ஒரு வக்கீல வச்சிருக்கு. அவர்கிட்ட கேக்காம எதுவும் பண்ண வேணாம்."

அந்த வக்கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி அமர்த்தியவர், அறுபது வயதைத் தாண்டியவர். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. தினமும் எனக்குக் காலை, அவருக்கு மாலை. அந்த நேரத்தில் போனில் பேசுவோம். நடுநடுவே இருமுவார். நான் முதல் நாள் படபடவென்று எங்கள் நியாயத்தை எல்லாம் கொட்டினேன். எங்களை அழைத்ததே அவர்கள் கம்பெனி, கருவிகள் எல்லாம் கடையில் கிடைப்பவை, ராணுவ இடம் என்று ஒரு பலகைகூட இல்லை என்று. அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டுமா, உங்கள் ஆள் வீட்டுக்கு வர வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைக்காது."

ஆள்தான் வேண்டும் என்றேன்.

"அப்படியானால் அவர்கள் மானம் போகாமல் வெளியே வர ஒரு கதவு வேண்டும். அது எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை யாரும் கத்த வேண்டாம்."

டிவி வேண்டாம் என்று கீதாவிடம் சொன்னேன். அந்த நண்பருக்கு என் மேல் கோபம். கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று வெளியில் சொன்னாராம். அதை மறுக்க எனக்கு அப்போது தெம்பில்லை.

கம்பெனியைக் காப்பாற்றும் பேச்சும் உண்மையிலேயே வந்தது. ஒரு நாள் வைஸ் பிரசிடென்ட் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். கம்பெனி வக்கீல்கள் எழுதியது. டேப் ரெக்கார்டர் முரளி சொந்தமாக எடுத்துப்போனது, வேறு மொழியில் பதிவுசெய்தது கம்பெனிக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. அவருடைய மேலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மத்தியானத்துக்குள் ரஷ்யாவில் விசாரிப்பவர்களுக்கு ஃபேக்ஸ் போக வேண்டும்.

அவர் கெட்டவர் அல்ல. கஜகஸ்தானில் எங்கள் ஆட்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களையும் பிடித்துவிடுவார்களோ என்று அவர் தூக்கமில்லாமல் இருந்தார். "கம்பெனி இதிலிருந்து விலகி நின்றால்தான் அவருக்கு வெளியிலிருந்து உதவ முடியும்" என்றார். அவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன்.

கோபப்பட்டால் வேலைக்கு ஆகாது என்று தெரிந்தது. "ரெக்கார்டரின் அடியில் நம் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது" என்றேன். "அது இப்போது அவர்கள் மேஜையில் இருக்கிறது. இந்தக் காகிதம் போனால் நாம் பொய் சொல்கிறோம் என்று உடனே தெரியும். இல்லை, இதை அவர்கள் நம்பிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குத் தெரியாமல் ரெக்கார்டர் எடுத்துப்போய், யாருக்கும் புரியாத மொழியில் பேசிய ஒருவரை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமிழில் பேசச் சொன்னது யார் என்று கேட்டார். எனக்காகத்தான் பேசினார், எனக்குத் தெரியும், எத்தனையோ டேப்புகளில் கேட்டிருக்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் நேராகச் சொல்லவில்லை. மாஸ்கோ வக்கீல் ஒரு தடவை பார்க்கட்டும் என்றேன். ஸ்பீக்கரில் அவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினோம். இருமி முடித்துவிட்டு அவர், "அனுப்புங்கள். அதன் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்காது" என்றார். காகிதம் போகவில்லை.

அவசரமாக நீட்டப்படும் காகிதம் ஒன்று உங்கள் முன்னாலும் ஒரு நாள் வரும். நீட்டுபவர் பெரும்பாலும் பயந்துபோனவராகத்தான் இருப்பார். அவரோடு சண்டை போடாதீர்கள். அந்தக் காகிதம் போய்ச் சேரும் அறையில் அதை யார் கையில் எடுப்பார், எடுத்ததும் என்ன செய்வார் என்று அவரையே யோசிக்க வையுங்கள்.

இதற்குள் முரளி ஏதோ ஓர் ஊரின் விசாரணைச் சிறையில் இருந்தார். தூதரகத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு, மெலிந்திருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் பேச வக்கீல் அனுமதி வாங்கினார். ஒரு நிபந்தனை. மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டிருப்பார், ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும்.

கீதாவின் முகத்தில் அப்போதுதான் பயம் முழுசாகத் தெரிந்தது. "அவர்கிட்ட நான் இங்கிலீஷ்ல பேசினதே இல்லக்கா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல." வங்கியில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க ஆங்கிலம்தான் பேசுவாள். ஆனால் அவரிடம் வராது.

எங்கள் ஆபீஸின் மீட்டிங் ரூமில் அவளை உட்காரவைத்துப் பழக்கினேன். நான் முரளி மாதிரிப் பேசுவேன். அவள் பதில் சொல்ல வேண்டும். வேலையைப் பற்றிக் கேட்கக்கூடாது, இடத்தின் பெயர் கூடாது, வீட்டுச் செல்லப்பெயர் கூடாது, வாய் தவறிக்கூடத் தமிழ் கூடாது. "ஹவ் ஆர் யூ" என்று ஆரம்பித்துவிட்டு மேலே போக முடியாமல் நிற்பாள். "யாரோ கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்பாள். மறுபடியும் ஆரம்பிப்போம்.

அழைப்பு வந்த காலையில் அவள் மகளையும் கூட்டி வந்திருந்தாள். முரளியின் குரல் தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கீதா பழகியதை எல்லாம் மறந்துவிட்டாள். "ஆர் யூ ஈட்டிங்?" என்று மட்டும் கேட்டாள். "எஸ். சூப். பிரெட்" என்றார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இருக்கிற கொஞ்ச நேரமும் இப்படியே போய்விடுமே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

குழந்தை ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. தன் பல் விழுந்தது, டீச்சர் ஸ்டார் கொடுத்தது, எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னாள். வாக்கியத்துக்கு வாக்கியம் "அப்பா, அப்பா" என்றாள்.

சட்டென்று ஓர் ஆண் குரல் குறுக்கே வந்தது. ஆங்கிலத்தில், மிகவும் நிதானமாக, "அப்பா என்பவர் யார்?" என்று கேட்டது.

குழந்தைக்கு அது வேடிக்கையான கேள்வியாகப் பட்டது. "ஹி இஸ் மை அப்பா" என்றாள். பின்னால் ரஷ்ய மொழியில் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. "கன்டினியூ" என்றது அந்தக் குரல். கீதா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து வக்கீல் பேசியபோது குரலில் வழக்கமான நிதானம் இல்லை. டேப்பில் முரளி பேசியதை யாரையோ வைத்து மொழிபெயர்த்திருக்கிறார்களாம். பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள் தமிழ் படித்த ஒரு பையன், அகராதியும் கையுமாகச் செய்தது.

"உங்கள் ஆள் அந்தச் சாலையில் வெடிகுண்டுகள் இருப்பதாகச் சொன்னாரா?"

இருக்கவே முடியாது என்றேன். அவர் படித்தார். 'வேலி ஓரமாகப் போகும் பாதை முழுவதும் வெடிகுண்டுகளாகவும் பள்ளங்களாகவும் இருக்கிறது.' அடுத்த பக்கத்தில், 'யாரோ ஒருவன் என் டார்ச் விளக்கைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான்.' விசாரணை அதிகாரி இந்த இரண்டையும் சிவப்பில் கோடிட்டு வைத்திருக்கிறார். ராணுவ இடத்தைப் பற்றிச் சங்கேத மொழியில் சொன்ன தகவல் என்கிறார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நமக்குத் தெரியாத முரளி ஒருவர் இருக்கிறாரோ என்றுகூட நினைத்துவிட்டேன். பயம் அப்படியெல்லாம் நினைக்க வைக்கும்.

அன்று மத்தியானம் கீதாவிடம் போய் அந்த இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா. ரோடு குண்டும் குழியுமா இருக்குன்னு சொல்லியிருப்பாரு."

நான் அவளைப் பார்த்தேன்.

"டார்ச்ச எவனோ சுட்டுட்டான். திருடிட்டான். அவர் எப்பவும் அப்படித்தான் பேசுவாரு. கிளம்பறதுக்கு முன்னாடிகூட நம்ம குடைய எவனோ சுட்டுட்டான்னு சொல்லிட்டு இருந்தாரு." சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள். அத்தனை வாரத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. இந்த இரண்டு வார்த்தைக்காக அவரைச் சிறையில் வைத்திருப்பார்களா என்று கேட்டுக்கேட்டு அழுதாள்.

ஆபீஸுக்கு ஓடிப்போய் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம், உதாரணம் எல்லாம் மனதில் வரிசைகட்டி நின்றன. மறுநாள் காலை வக்கீலிடம் சொன்னபோது, அவர் இருமிச் சிரித்துவிட்டு, அனுப்பாதீர்கள் என்றார்.

"நீங்கள் சொன்னால் அது ஒரு வாதம். அவர்கள் ஆளே சொன்னால்தான் உண்மை. அவர்கள் மொழிபெயர்ப்பாளரை ஓர் அமெரிக்கக் கம்பெனி திருத்தினால், அந்த அதிகாரி இன்னும் இறுக்கிப் பிடிப்பார். ஆனால் ஒருவேளை நீங்கள் கதவைக் கண்டுபிடித்திருக்கலாம். நன்றாகத் தமிழ் தெரிந்த ரஷ்யர் யாராவது வேண்டும். அப்படி யாராவது உண்டா?"

என் பள்ளி நாட்களில் ஈரோட்டுக்கு ஒரு புத்தக வேன் வரும். கெட்டி அட்டை போட்ட ரஷ்யப் புத்தகங்கள், தமிழில், மலிவு விலையில் கிடைக்கும். எல்லாம் மாஸ்கோவில் அச்சிட்டவை. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் மொழிபெயர்த்தார்கள் என்றால், அங்கே அவர்களோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்த ரஷ்யர்கள் யாராவது இருந்திருக்க வேண்டும். இதை வக்கீலிடம் சொன்னேன். அவருக்கு அந்தப் பதிப்பகம் நினைவிருந்தது. அது மூடிப்போயிருந்தது. ஆனால் ஆட்கள் எங்கேயாவது இருப்பார்கள் என்றார்.

இருந்தார். ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவர், நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில். வக்கீல் அவரை எங்கள் சார்பில் கூப்பிடவில்லை. மொழிபெயர்ப்பில் தெளிவில்லாத சில இடங்கள் உள்ளன, மூத்த நிபுணர் ஒருவரைக் கொண்டு விசாரணைத் தரப்பே சரிபார்த்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது என்று மட்டும் மனுக் கொடுத்தார். பிறகு காத்திருந்தோம். அந்தப் பெண்மணி வர ஒப்புக்கொள்வாரா, அதிகாரி அனுமதிப்பாரா, குண்டும் குழியும் என்பது அவருக்காவது தெரியுமா என்று எதுவும் நிச்சயமில்லை.

அந்த அம்மா வந்து எல்லா டேப்புகளையும் முதலிலிருந்து கேட்டிருக்கிறார். சாலை மோசமாக இருக்கிறது, டார்ச் திருட்டுப் போயிருக்கிறது, இவருக்கு முதுகு வலிக்கிறது, ஹூஸ்டனில் உள்ள அக்காவின் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது மட்டும்தான் காரணமா, மேலிடத்தில் வேறு ஏதாவது நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பனி விலகத் தொடங்கியபோது, விசாரணைக்குக் கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொண்டு முரளியை வீட்டுக்குப் போக விட்டார்கள். குற்றமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. கருவிகளையும் டேப்புகளையும் தரவில்லை. வக்கீல் சொன்னபடியே, இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது.

ஊர் திரும்பிய வாரமே முரளி ஆபீஸுக்கு வந்துவிட்டார். சட்டை தோளில் தொங்கியது. எல்லாரும் கை கொடுத்து, கேக் வெட்டி முடித்த பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே ஒன்று மட்டும் சொன்னார்.

"ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு ரூம்ல உக்கார வச்சாங்க. வெள்ளை முடி, ஒரு வயசான ரஷ்யக்கார அம்மா. என்னைப் பாத்து, 'வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?'ன்னு கேட்டாங்க. அத்தனை நாளும் நான் அழலக்கா. அவங்க கேட்டதும் பதில் சொல்ல முடியல."

பிறகு அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அக்கா, அந்தக் குழாய்ல ஒரு லீக் இருக்கு."

ராணுவ வேலி முடிந்து கொஞ்ச தூரத்தில், இடிந்த ஒரு செங்கல் பம்ப் ஹவுஸ் பக்கத்தில், பிடிபட்ட அன்று காலையில்தான் கேட்டாராம். சின்ன ஓட்டை, ஆனால் சந்தேகமே இல்லாத சீறல். பக்கத்தில் ஓர் ஓடை உறைந்து கிடந்தது, மேலே குடியிருப்பு. "ஐஸ்ல பசங்க ஸ்கேட் பண்ணிட்டு இருந்தாங்க. மொத நாள் விசாரணையிலயே சொன்னேன். இடத்தையெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமா ஞாபகம் வச்சிருக்கேன்னு அதையே எனக்கு எதிரா எழுதிட்டாங்க. இனிமே வாயே தொறக்காதீங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு. தினம் அதுதான் ஞாபகம். இப்ப பனி உருகினா பெட்ரோல் நேரா ஓடைக்குத்தான் போகும்."

வைஸ் பிரசிடென்ட்டிடம் போனேன். ரஷ்யாவோடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது அப்போது கம்பெனியின் உத்தரவு. அவர் முழுவதும் கேட்டார். முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "இதை என்னிடம் நீங்கள் கேட்கவில்லை" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாஸ்கோ வக்கீல், "எழுத்தில் கூடாது, எண்கள் கூடாது. பேசுவதானால் ஒரு மனிதரோடு மனிதராகப் பேசுங்கள். ஆனால் வழக்கு இன்னும் மூடப்படவில்லை, அதை மறக்காதீர்கள்" என்றார்.

ஆக, அது நான் தனியாக முடிவெடுக்கக்கூடிய விஷயமில்லை. முரளியைக் கூப்பிட்டேன்.

"நான் இதச் சொன்னா உங்க கேஸ் மறுபடி உயிர் பிடிக்கலாம். கருவி இல்லாமலே இடத்தக் காட்டறாருன்னு சொல்வாங்க. இங்கயே எல்லாரும் கேள்வி கேக்கலாம். கீதாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். சொல்லிடுங்கன்னுதான் சொன்னா. அந்தப் பசங்களப் பத்திச் சொன்னப்புறம் அவளும் தூங்கலக்கா."

தலைமை எஞ்சினியரின் வீட்டு எண் என்னிடம் இருந்தது. காலையில் போட்டேன். அவர்தான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் பேச்சு நின்றது. வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் நான் நலம்கூட விசாரிக்கவில்லை. இடிந்த பம்ப் ஹவுஸ், ஓடை, குழந்தைகள் என்று சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளாகச் சொன்னேன். முரளி எதிரில் உட்கார்ந்து, ஓடையின் எந்தக் கரை என்று கையால் காட்டினார். அதையும் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். போன் வைக்கப்படும் சத்தம்தான் பதிலாக வந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள், முரளி சிறையில் இருந்த வாரங்களைவிட எனக்கு மோசமாக இருந்தன. அப்போது நடந்ததெல்லாம் எங்கள் கையை மீறி நடந்தது. இது நாங்களே செய்தது. அவரை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டால் கீதாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் காரை பார்க் பண்ணுவேன். முரளி மட்டும் தன் இடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெக்ஸாஸ் குழாய்களின் டேப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டு வேலை இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை.

வசந்தம் முடிந்து ஹூஸ்டனில் வெயில் ஏறிவிட்ட ஒரு காலையில் தலைமை எஞ்சினியர் பேசினார். வணக்கம் சொல்லவில்லை.

"தோண்டினோம்" என்றார். "ஓட்டை இருந்தது. விரல் போகாது, ஆனால் மண்ணெல்லாம் பெட்ரோல். உங்கள் ஆள் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. இப்போது அடைத்துவிட்டோம்."

பிறகு ஏதோ சொல்ல ஆங்கில வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. ரஷ்ய மொழியிலேயே நீளமாக ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

எழுந்து முரளியின் இடத்துக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் ஹெட்போனைக் கழற்றினார். விஷயத்தைச் சொன்னேன். ஓட்டையைக் கண்டுபிடித்ததை, அடைத்ததை, கொஞ்சம் தள்ளி இருந்ததை.

அவர் குனிந்து ஓடிக்கொண்டிருந்த டேப்பை நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"எவ்வளவு தள்ளிக்கா?"